கீழ் வரிசைக் கதவுகள்

புதன்கிழமை காலை பதினொன்று இருபதுக்குக் கணக்கெடுப்பு முடிந்தது. அந்த நேரத்தில் அமீனா பீ பெசன்ட் நகரில், வேளாங்கண்ணி மாதா கோயில் மதில் நிழலில் உட்கார்ந்து புளிசாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவளைச் சுற்றி ஓடக்காரன் தோட்டத்தின் கீழ் வரிசை உட்கார்ந்திருந்தது. நாற்பத்து மூன்று குடும்பம். வேலைக்குப் போனவர்கள் போக மீதி எல்லாரும் தூக்குவாளியும் தண்ணீர் பாட்டிலுமாக வந்திருந்தார்கள். வரும்போது வீட்டைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகியிருந்தார்கள்.

பூட்டச் சொன்னவள் அமீனா பீ.

பக்கத்து வீட்டுச் சொர்ணம் மாதாவுக்கு ஒரு மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வந்து, இனிமேல் மாசத்துக்கு ஒரு தடவை கணக்கெடுக்கச் சொல்லலாம், நாமும் காற்று வாங்கின மாதிரி இருக்கும் என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். அமீனா பீயும் சிரித்தாள்.

ஓடக்காரன் தோட்டம் அடையாற்றின் வடகரையில் இருக்கிறது. பெயரில் மட்டும்தான் தோட்டம். ரோட்டை ஒட்டி மேல் வரிசை, அறுபத்தொன்பது வீடு. தண்ணீரை ஒட்டிக் கீழ் வரிசை. பத்து வருஷத்துக்கு முன்பு நடுவில் இன்னொரு வரிசை இருந்தது. பெருவெள்ளம் வடிந்த அடுத்த மாதம் அதிகாரிகள் லாரிகளோடு வந்தார்கள். நடு வரிசைக்காரர்கள் வாசலில் நின்று சத்தம் போட்டார்கள், மனு நீட்டினார்கள், காலில் விழுந்தார்கள். சாயங்காலம் அவர்கள் ஊருக்கு வெளியே, பெரும்பாக்கத்து மாற்றுக் குடியிருப்பில் இருந்தார்கள். கீழ் வரிசையில் அன்றைக்கு ஒரு ஆள் இல்லை. அமீனா பீயின் தங்கை மகளுக்கு ஜாம் பஜாரில் நிக்காஹ். வரிசை முழுக்கப் பிரியாணிக்குப் போயிருந்தது. அதிகாரி வரிசையாகத் தொங்கிய பூட்டுகளைப் பார்த்தார். ஆள் இல்லாத வீட்டின் பூட்டை உடைத்தால் நாளைக்கு பீரோவில் வைத்த நகையைக் காணோம் என்று ஸ்டேஷனில் எழுதிக் கொடுப்பார்கள், நமக்கு எதற்கு வம்பு என்றார். லாரி திரும்பிப் போனது. டீக்கடைத் துரைராஜ் அதைக் காதால் கேட்டு எல்லாருக்கும் சொன்னார்.

அன்றிலிருந்து கீழ் வரிசைக்கு அதுதான் சட்டம். கையில் கோப்போடு யார் வந்தாலும் பூட்டு, போய்விடு. நின்று பேசினவன் பெரும்பாக்கத்தில் இருக்கிறான், பூட்டிக்கொண்டு போனவன் ஆற்றங்கரையில் இருக்கிறான். அமீனா பீ அதைத் தன் கண்டுபிடிப்பாகவே நினைத்தாள். அவள் வீட்டுக் கல்யாணம்தானே. இந்தத் தடவை ஆட்டோவில் மைக் கட்டி, ஆற்றங்கரை மேம்பாட்டுத் திட்டம், மக்கள் பங்கேற்போடு நடக்கிறது, கணக்கெடுப்புக்கு ஒத்துழையுங்கள் என்று சொல்லிக்கொண்டு போனார்கள். காலேஜ் படிக்கும் மகள் புஷ்ரா, இது வேற மாதிரி அம்மி, இருந்து பெயர் கொடுக்கலாம் என்றாள். எல்லாத் தடவையும் வேற மாதிரிதான் சொல்வார்கள் என்று அமீனா பீ அவள் வாயை அடைத்தாள். வீடு வீடாகப் போய்ப் பூட்டச் சொன்னாள். கடைசி வீட்டுத் தேவானைக்குக் கதவே கிடையாது. யாரோ கட்சிக்காரர் கல்யாணத்து ஃப்ளெக்ஸ் பேனர்தான் தொங்கியது. அவள் பேனரை மூங்கில் கம்போடு சேர்த்துக் கம்பியால் கட்டி, அந்தக் கம்பியில் ஒரு பூட்டைப் போட்டுவிட்டு வந்தாள்.

இரண்டு வாரம் கழித்து ரேஷன் கடைச் சுவரில் பட்டியல் ஒட்டினார்கள்.

புஷ்ரா விரலை வைத்துப் படித்தாள். மேல் வரிசை அறுபத்தொன்பது வீட்டுக்கும் எண், குடும்பத் தலைவர் பெயர், எத்தனை பேர் என்று எல்லாம் இருந்தது. எழுபதிலிருந்து நூற்றுப் பன்னிரண்டு வரை பெயர் இல்லை. எதிரே ஒரே வரி. பூட்டிய நிலை, குடியிருப்போர் இல்லை. புஷ்ரா அதை நாற்பத்து மூன்று தடவை படித்தாள். யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. நூற்றுப் பன்னிரண்டு தேவானையுடையது. அதற்கும் பூட்டிய நிலைதான்.

கடைசியில் சின்ன எழுத்தில் நான்கு வரி இருந்தது. பட்டியலில் பெயர் உள்ளவர்களுக்கே மாற்று வீடு. ஆள் இல்லாத கட்டுமானங்கள் முன்னறிவிப்பு இல்லாமல் அகற்றப்படும். மார்ச் எட்டாம் தேதி சனிக்கிழமை கருத்துக் கேட்புக் கூட்டம், பட்டியலில் உள்ளவர்களும் குடியிருப்போர் சங்கங்களும் பேசலாம். அன்றைய குறிப்பேட்டில் பதிவாகாத ஆட்சேபணை எதுவும் பிறகு ஏற்கப்படாது.

சொர்ணம் திட்டவில்லை. திட்டியிருந்தால் அமீனா பீக்குப் பதில் சொல்லத் தெரியும். சொர்ணத்தின் அக்கா நடு வரிசையில் இருந்தவள். இப்போது அவளைப் பார்க்க இரண்டு பஸ் மாற வேண்டும்.

"நீ பூட்ட சொன்ன, பூட்டுனோம்," என்றாள் சொர்ணம். "இப்ப நீயே தொறந்து வுடு, பாயம்மா."

அதற்குப் பிறகு இரண்டு நாள் தண்ணீர் லாரி வரும்போது அமீனா பீயின் குடத்துக்கு யாரும் இடம் பிடித்து வைக்கவில்லை. பின்னால் ஒருத்தி, ஒரு வாய் பிரியாணிக்கு இவ்வளவு விலையா என்று யாருக்கோ சொல்வதுபோல் சொன்னாள். அமீனா பீ திரும்பவில்லை. குடம் நிறையும் வரை நின்று எடுத்துக்கொண்டு போனாள்.

நோன்பு பிறந்தது. அவள் தொழில் நிற்கவில்லை. விடியுமுன் இடியாப்பம் பிழிந்து, ஏழு மணிக்குக் கூடையோடு மந்தைவெளி அடுக்குமாடிகளுக்குப் போவாள். தான் தொடாத பண்டத்தை ஒரு மாதம் விற்பது அவளுக்குப் பழக்கம். மூன்றாவது மாடி ரத்னா மாமி பன்னிரண்டு வருஷ வாடிக்கை. மாமி அன்றைக்குத் தட்டை நீட்டும்போதே ஒரு வழவழப்பான தாளையும் நீட்டினாள். ஆற்றங்கரையில் நடைபாதை வரப்போகிறதாம், சனிக்கிழமை கூட்டமாம், சங்கத்தின் சார்பில் மாமிதான் பேசப் போகிறாளாம்.

அமீனா பீ தாளைப் பார்த்தாள். ஆறு நீலமாக இருந்தது. மேல் வரிசை இருக்கிற இடத்தில் சின்னச் சின்ன வெள்ளைக் கட்டடங்கள் இருந்தன. கீழ் வரிசை இருக்கிற இடத்தில் புல் இருந்தது. தன் வீடு எங்கே வரும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தாள். அங்கே நாயைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண் நடந்தாள்.

"நீங்கள்ளாம் நல்ல எடத்துக்குப் போறேள்னு நெனச்சுண்டிருந்தேன்," என்றாள் மாமி.

"எந்த எடம், மாமி?"

மாமிக்குத் தெரியவில்லை. தாளைத் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம் அதைப் பற்றி ஒன்றும் போடவில்லை.

திட்ட அலுவலகம் தேனாம்பேட்டையில் ஒரு மூன்றாவது மாடி. அமீனா பீ ஆதார், ரேஷன் கார்டு, வாக்காளர் அட்டை எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு போனாள். அங்கே இருந்த உதவியாளர் மரியாதையாகவே பேசினார். இதிலெல்லாம் ஓடக்காரன் தோட்டம் என்று இருக்கிறது, எந்தக் கட்டுமானம் என்று இல்லை என்றார். கணக்கெடுத்த பெண் நாற்பத்து மூன்று பூட்டையும் படம் எடுத்து வைத்திருந்தாள், அதைத் திரையில் காட்டினார். கடைசிப் படம் தேவானையின் பேனர். கல்யாண மாப்பிள்ளையின் வாய்க்கு நேராகப் பூட்டு தொங்கியது. உதவியாளருக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார்.

நீங்கள் பொய் சொல்வதாக நான் சொல்லவில்லை என்றார். அந்த வீட்டில், அந்த வாரத்தில் ஆள் இருந்ததற்கு அரசாங்க ஆள் யாராவது கையால் எழுதினது ஏதாவது இருந்தால் கொண்டுவாருங்கள். அசல். நகல் வேண்டாம், போட்டோ வேண்டாம். போட்டோ எங்கே வேண்டுமானாலும் எடுக்கலாம்.

அவள் வெயிலில் திரும்பினாள். தொண்டை காய்ந்திருந்தது. வீட்டைத் திறந்து உள்ளே போய், கதவைச் சாத்தி அதன்மேல் சாய்ந்து உட்காரப் போனாள். உட்காரவில்லை. கதவைப் பார்த்தாள்.

கதவின் உட்பக்கம் கொசு மருந்துக்காரி ஜானு ஒட்டின அட்டை இருந்தது. மாநகராட்சி அட்டை. வாராவாரம் செவ்வாய்க்கிழமை ஜானு வருவாள், உள்ளே வந்து குடம், டிரம், ஃப்ரிட்ஜின் பின்பக்கம் எல்லாம் பார்ப்பாள், புழு இருந்தால் கத்துவாள், இல்லாவிட்டால் அட்டையில் தேதி போட்டுக் கையெழுத்துப் போடுவாள். ஆள் திறந்தால்தான் அந்த அட்டையில் எழுத முடியும். அமீனா பீ விரலால் தேதிகளைத் தேடினாள். கணக்கெடுப்பு பன்னிரண்டாம் தேதி. பதினொன்று, ஜானு. பதினெட்டு, ஜானு. அதற்கு மேலே மூன்று வருஷத்துச் செவ்வாய்க்கிழமைகள்.

கதவைத் திறந்து வெளிப்பக்கத்தையும் பார்த்தாள். தினமும் பார்க்கிற கதவுதான். போலியோ சொட்டு மருந்துக்காரர்களின் சாக்பீஸ் குறிகள் ஒன்றின்மேல் ஒன்று. வெள்ள நிவாரணம் கொடுத்தபோது ஒட்டின ஸ்டிக்கர், பாதி கிழிந்தது. அதற்கும் கீழே ஜனத்தொகைக் கணக்கெடுப்பின் எண், சிவப்பு பெயின்டில். அப்போது புஷ்ராவுக்கு நாலு வயசு. அந்த எண்ணை எழுதினவருக்கு அமீனா பீ மோர் கொடுத்தாள்.

சொர்ணத்தைக் கூப்பிட்டாள். சொர்ணம் வர மனமில்லாமல் வந்து, பார்த்துவிட்டுத் தன் வீட்டுக்கு ஓடினாள். அட்டையைக் கத்தியால் பெயர்க்கப் பார்த்தாள். ஜானு காய்ச்சின மைதாப் பசை அது, தகரத்தைப் பிடித்தால் விடாது. அட்டை நடுவில் கிழிந்தது. சொர்ணம் அந்தக் கிழிந்த துண்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"பெயர்க்க வராது," என்றாள் அமீனா பீ. "அசல் கேட்டாங்க இல்ல. கதவையே கழட்டு."

சனிக்கிழமை காலை எட்டு மணிக்குக் கீழ் வரிசையில் கதவு கழற்றும் சத்தம் ஆரம்பித்தது. கதவு என்றால் ஒரே மாதிரி இல்லை. எண்ணெய் டின்னைப் பிரித்து அடித்தது, இடித்த அடுக்குமாடியிலிருந்து வாங்கின ஃப்ளஷ் கதவு, பாத்ரூமுக்கென்று செய்த பிளாஸ்டிக் கதவு, ஒன்று பழைய பஸ்ஸின் பக்கவாட்டுத் தகடு. அமீனா பீயுடையது பலா மரம், அவள் புருஷன் உயிரோடு இருந்தபோது போட்டது. கீல் துருப்பிடித்து வரவில்லை. துரைராஜ் உளியால் தட்டி எடுத்தார். தேவானைக்குப் பெரிய பிரச்சினை. பேனரில் அட்டை ஒட்டாது, அதனால் ஜானு மூங்கில் கம்பில்தான் வாராவாரம் எழுதியிருந்தாள். கம்பைப் பிடுங்கினால் கூரை இறங்கும். கடைசியில் ரெண்டு பேர் கூரையைத் தாங்கிப் பிடிக்க, வேறு கம்பு நட்டு, எழுத்துள்ள கம்பைப் பிடுங்கினார்கள்.

வீட்டுக்கு ஒருவர் திறந்த வாசலில் உட்கார வேண்டும் என்று அமீனா பீ சொல்லியிருந்தாள். எங்கேயும் போகக் கூடாது, யார் வந்தாலும் எழுந்திருக்கக் கூடாது. பத்து வருஷமாகச் சொன்னதற்கு நேர்மாறாக அவள் சொல்கிறாள் என்பதை யாரும் எடுத்துக் காட்டவில்லை. புஷ்ரா வாசற்படியில் உட்கார்ந்து அம்மாவைப் பார்த்தாள்.

இருபது கதவு துரைராஜின் மீன்பாடி வண்டியில் ஏறியது. மீதியைக் கதவுக்கு ரெண்டு பேராகத் தலையில் தூக்கிக்கொண்டு பாலம் ஏறினார்கள். வெயில் ஏறிவிட்டது. பஸ்காரர்கள் ஹாரன் அடித்தார்கள். பாலத்தின் நடுவில் போக்குவரத்துப் போலீஸ்காரர் கை காட்டி, என்ன ஷூட்டிங்கா, பர்மிஷன் இருக்கா என்று கேட்டார்.

"ஆமா சார், கோடம்பாக்கத்துலருந்து நடந்தே வந்துக்கினு கீறோம்," என்றாள் சொர்ணம். "நீங்க நல்லா கை காட்றீங்க, அப்படியே நில்லுங்க."

அவர் அப்படியே நின்றார். நாற்பத்திரண்டு கதவும் ஒரு கம்பும் அவரைத் தாண்டிப் போயின.

கூட்டம் அடையாறில் ஒரு கல்யாண மண்டபத்தில். ஏசி போட்டிருந்தார்கள். ஒரு பக்கச் சுவர் முழுக்க ஆற்றின் படம். அதன்மேல் மக்கள் தங்கள் விருப்பத்தை வண்ணச் சீட்டில் எழுதி ஒட்டலாம். ஏற்கெனவே நிறைய ஒட்டியிருந்தார்கள். பெஞ்சு, சைக்கிள் பாதை, யோகா செய்ய இடம், நாய்களுக்குத் தனி வேலி. கீழ் வரிசை இருக்கிற புல்லின்மேல் ஒரு மஞ்சள் சீட்டு இருந்தது. இங்கே ஒரு காபி கடை, என்று எழுதியிருந்தது.

வாசல் மேஜையில் உட்கார்ந்திருந்த பெண்தான் கணக்கெடுக்க வந்தவள். கயல் என்று அட்டையில் பெயர் இருந்தது. பட்டியல் எண் என்ன என்று கேட்டுக்கொண்டே நிமிர்ந்தவள் கதவுகளைப் பார்த்தாள். வாட்ச்மேன் ஓடிவந்து, சாமான் உள்ளே கொண்டுபோகக் கூடாது என்றார். இது சாமான் இல்லை, சர்ட்டிபிகேட் என்றாள் சொர்ணம். அவர் யோசிப்பதற்குள் பத்துக் கதவு உள்ளே போய்விட்டது. ஒவ்வொன்றாகச் சுவரில் சாய்த்தார்கள். ஆற்றின் படம் கொஞ்சம் கொஞ்சமாக மறைந்தது. காபி கடைக்கு முன்னால் சொர்ணத்தின் தகரக் கதவு நின்றது.

மேடையில் திட்ட அதிகாரி அசோகன். பக்கத்தில் குறிப்பேட்டோடு ஒரு எழுத்தர். அசோகன் மைக்கில், தயவுசெய்து இதை வெளியே எடுத்துவிடுங்கள், மற்றவர்கள் கருத்துச் சொல்ல இடைஞ்சலாக இருக்கிறது என்றார். பட்டியலில் இல்லாதவர்களுக்கு இந்தக் கூட்டத்தில் பேச விதி இல்லை, மனுவைப் பெட்டியில் போட்டுவிட்டுப் போகலாம் என்றார். குரல் உயரவில்லை. யாரும் கதவை எடுக்கவில்லை. யாரும் உட்காரவும் இல்லை. அடுத்த பெயரைக் கூப்பிட்டார். குடியிருப்போர் சங்கம், திருமதி ரத்னா.

மாமி எழுந்தாள். கையில் எழுதிக்கொண்டு வந்த தாள் இருந்தது. நடைபாதை வேணும்னு பேசத்தான் வந்தேன், அதைப் பேசாம போகப்போறதில்லை என்றாள். அப்புறம் மைக்கை அமீனா பீயின் பக்கம் நீட்டினாள்.

"என் முறையில மொதல்ல இவா பேசட்டும். அதுக்கப்பறம் நான் பேசறேன்."

அசோகன் எழுத்தரைப் பார்த்தார். எழுத்தர் விதிப் புத்தகத்தைப் பார்த்தார். அதற்குள் மைக் கை மாறியிருந்தது.

அமீனா பீ இதற்கு முன் மைக்கைப் பிடித்ததில்லை. தன் மூச்சு மண்டபம் முழுக்கக் கேட்டது. கயலைக் கூப்பிட்டாள். தன் கதவின் உட்பக்கத்தைத் திருப்பிக் காட்டி, இதை வாசி என்றாள். கயல் குனிந்து வாசித்தாள். பிப்ரவரி பதினொன்று, புழு இல்லை, ஜானு. பிப்ரவரி பதினெட்டு, புழு இல்லை, ஜானு. கயல் அடுத்த கதவுக்குப் போனாள், பிறகு அதற்கடுத்ததுக்கு. அவளை யாரும் போகச் சொல்லவில்லை. சொர்ணத்தின் கதவில் ஒட்டியிருந்த பாதியோடு கிழிந்த பாதியைச் சேர்த்து வைத்துப் பார்த்தாள். தேவானையின் கம்பைச் சுற்றி வந்து படித்தாள். பிறகு மேடையைப் பார்த்து, சார், எல்லாத்திலும் அந்த வாரத் தேதி இருக்கு என்றாள். உடனே குரல் தாழ்ந்தது.

"நான் ஒவ்வொரு வீட்டுலயும் தட்டினேன்மா. ரெண்டு தடவை தட்டினேன். பூட்டித்தான் இருந்துச்சு."

அமீனா பீக்கு இந்த இடம்தான் பயம். வீட்டிலிருந்து கிளம்பும்போதே தெரியும். பெண் பொய் சொல்லிவிட்டாள், வராமலே எழுதிவிட்டாள் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், மண்டபத்தில் பாதிப் பேர் நம்புவார்கள். சொர்ணம் அதைத்தான் சொல்லச் சொன்னாள். வழியெல்லாம் சொன்னாள்.

"நீ சரியாத்தான் எழுதுன," என்றாள் அமீனா பீ. "பூட்டுனது நாங்க. பூட்ட சொன்னது நான்."

மண்டபம் சலசலத்தது. அசோகன் முன்னால் சாய்ந்தார். அப்படியானால் வேண்டுமென்றே ஒத்துழைக்கவில்லை, அதை நீங்களே ஒப்புக்கொள்கிறீர்கள் என்றார்.

ஒப்புக்கொள்கிறேன் என்றாள். ஏன் என்றும் சொன்னாள். நடு வரிசை நின்று பேசினது, லாரியில் ஏறினது, பூட்டின வரிசை தப்பித்தது, அந்த அதிகாரி நகையைப் பற்றிச் சொன்னது எல்லாம் சொன்னாள். எதையும் கூட்டவில்லை, கெஞ்சவில்லை. உங்கள் ஆட்கள்தான் எங்களுக்குப் பூட்டச் சொல்லிக் கொடுத்தார்கள், பத்து வருஷம் அதைத்தான் படித்துக்கொண்டிருந்தோம், இப்போது திறந்துவிட்டோம் என்றாள். பெரும்பாக்கம் என்று சொன்னபோது சொர்ணம் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

அசோகன் நாற்காலியில் பின்னால் சாய்ந்தார். அவர் கெட்டவராகத் தெரியவில்லை. களைத்தவராகத் தெரிந்தார். இதைப் பரிசீலிக்கலாம் என்றார். பதினைந்து நாளில் மறு கணக்கெடுப்புக்கு ஆள் வரும் என்றார். இப்போது கதவுகளை எடுத்துக்கொண்டு போங்கள், கதவில்லாமல் வீடு எப்படி என்று அக்கறையாகக் கேட்டார்.

வீடு திறந்து கிடக்கிறது, ஒவ்வொரு வாசலிலும் ஒரு ஆள் உட்கார்ந்திருக்கிறார் என்றாள் அமீனா பீ. இந்தப் பெண்ணை இப்போதே அனுப்புங்கள், பாலம் தாண்டினால் கால் மணி நேரம். பதினைந்து நாள் என்று வாயால் சொன்னது நாளைக்கு யாருக்குத் தெரியும். குறிப்பேட்டில் எழுதுங்கள். எழுதாதது இன்றைக்குப் பிறகு செல்லாது என்று உங்கள் தாளில்தான் போட்டிருக்கிறது.

எழுத்தர் பேனாவைக் கையில் வைத்திருந்தார். மூடி திறக்கவில்லை. அசோகன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஒரு மணிக்கு மண்டபத்தைக் கொடுத்துவிட வேண்டும், மேலே சாப்பாடு தயாராக இருக்கிறது, நீங்களும் சாப்பிட்டுவிட்டுப் போகலாம், சாப்பிட்டுக்கொண்டே பேசலாம் அம்மா என்றார்.

"எனக்கு இன்னைக்கு சாப்பாட்டு டைம் கெடையாது, சார். நோன்பு. சாயங்காலம் ஆறு இருபது வரைக்கும் இங்கியே நிப்பேன்."

பின்னால் யாரோ சிரித்தார்கள். பிறகு கை தட்டினார்கள். தட்டினது மேல் வரிசைக்காரர்கள். பட்டியலில் பெயர் இருந்ததால் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர்கள். துரைராஜ் எழுந்து நின்றார், டீக்கடையை மூடிவிட்டு வந்தவர், பட்டியலில் முப்பத்தொன்றாவது பெயர். தன் நாற்காலியை மடக்கிச் சுவரில் சாய்த்தார். பக்கத்தில் இருந்தவரும் எழுந்தார். கொஞ்ச நேரத்தில் மண்டபத்தில் நாற்காலி மடக்கும் சத்தம் மட்டும் கேட்டது. மாமி உட்கார்ந்திருந்தாள், முட்டிவலி. தன் தாளை மடித்துக் கைப்பையில் வைத்தாள்.

அசோகன் மைக்கை அணைத்தார். அமீனா பீயின் கையில் இருந்த மைக்கும் செத்தது. அவள் அதைக் கீழே வைத்தாள். ஆற்றங்கரையில் இருபத்தெட்டு வருஷம், தண்ணீர் லாரிக்குப் பின்னால் கூப்பிட்டுக் கூப்பிட்டு வளர்ந்த குரல் அவளுடையது.

முதல் கதவின்மேல் கை வைத்தாள். எழுபதாவது எண். அமீனா பீ, மகள் புஷ்ரா, ரெண்டு பேர். இருபத்தெட்டு வருஷம். பூட்டினது நான். ஒரு மூச்சு நின்றாள். அடுத்த கதவுக்குப் போனாள். எழுபத்தொன்று. சொர்ணம், புருஷன், ரெண்டு பிள்ளைகள், நாலு பேர். பூட்டச் சொன்னது நான். அடுத்தது பிளாஸ்டிக் கதவு. எழுபத்திரண்டு. குல்ஷன், புருஷன், மாமியார், மூணு பேர். ஒவ்வொரு கதவிலும் கையை வைத்து, பெயர் சொல்லி, ஆள் சொல்லி, தேதி வாசித்து, நின்று, அடுத்ததற்குப் போனாள். கயல் அவள் பின்னாலேயே வந்தாள். கையில் டேப்லெட் இருந்தது. விரல் அசைந்ததா இல்லையா என்று அமீனா பீ திரும்பிப் பார்க்கவில்லை. அவள் மேடையைத்தான் பார்த்தாள்.

எண்பத்தொன்பது வரை வந்தாள். உதடு ஒட்டிக்கொண்டது. வெளியே மண்டபத்துக்காரர் வாட்ச்மேனிடம் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார். மணி ஒன்றைத் தாண்டிவிட்டது. மேடையில் எழுத்தர் குறிப்பேட்டின்மேல் கையை வைத்துக்கொண்டு அசோகனைப் பார்த்தார். அசோகன் கதவுகளைப் பார்த்தார்.

அமீனா பீ தொண்ணூறாம் எண் கதவின் பக்கத்தில் நின்றாள். அதைத் தொடவில்லை. எழுத்தரின் குறிப்பேட்டைப் பார்த்தாள்.

"எது வரைக்கும் எழுதியாச்சு, சார்?"